கோமளா மேடம் முதல் மாடியில் வளர்த்த கடல்

வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் மரணச் செய்தி, நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. எடமலைப்பட்டி புதூரிலிருந்து தில்லைநகரில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் கிடந்த கைப்பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை. அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்த பிறகுதான் பையைத் திறந்தேன். அந்த வரிசையையும் அவர்தான் எனக்குப் பழக்கியிருந்தார்.

அழைத்தது அவருடைய கணவர் ரங்கராஜன் சார். "மலர், கோமளா கார்த்தால எழுந்துக்கவே இல்லைம்மா," என்றார். குரலில் அழுகை இல்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு, "உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு தோணித்து. அந்தத் தொட்டி..." என்று ஆரம்பித்து, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவர் போல நிறுத்திக்கொண்டார்.

இதை எழுத உட்கார்ந்த பிறகு பலமுறை எழுந்துவிட்டேன். மின்விசிறியின் வேகம் குறைந்தால் ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டில் மின்சாரம் போயிருக்குமோ என்று தோன்றுகிறது. வெயில் ஏறினால் அங்கே தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களால் விசாரித்துவிட்டுப் போய் உட்கார்ந்து அழ முடிகிறது. எனக்கு இன்னும் அந்த இடம் வாய்க்கவில்லை. அவர் விட்டுச் சென்றவற்றில் ஒன்று உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோமளவல்லி ரங்கராஜன் அவர்களை இந்த ஊரில் நிறையப் பெண்களுக்குத் தெரியும். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு, வீட்டில் யாரும் வண்டிச் சாவியைக் கையில் கொடுக்காதவர்களுக்கு, அவர் கோமளா மேடம். பயிற்சி வண்டியின் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒரு தொடை ஆடிக்கொண்டே இருக்க, விரல்கள் கதவில் தாளம் போட, முக்கொம்புச் சாலையில் காலையும் மாலையும் போய்க்கொண்டிருந்த அந்த அம்மாளைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய கடைசி வருடங்கள் எதில் கழிந்தன என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகவும், அவரைத் தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. விடுமுறையில் வந்தவர் வாங்கிய கார், அவர் திரும்பிப் போன பிறகு உறை போர்த்தி வாசலில் நின்றது. நாற்பதை நெருங்கும் வயதில் அதை ஓட்டலாம் என்று எனக்குத் தோன்றி, மேடத்திடம் போய்ச் சேர்ந்தேன். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நாம் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்போம். பாதி ஓட்டுவது அந்தக் கால்தான். இது எனக்குத் தெரிந்த நாளிலிருந்து, நான் ஓட்டுகிறேனா அவர் ஓட்டுகிறாரா என்ற சந்தேகம் விடவில்லை. ஒருநாள் காவிரிப் பாலத்தில், முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ், நடுவில் நான். "மேடம், நீங்க பிடிச்சுக்கோங்க," என்றேன். அவர் செருப்பைக் கழற்றினார். புடவையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கால்களையும் தூக்கி, இருக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாத்துக்கோங்க, என் கால் எங்க இருக்குன்னு. இப்ப வண்டி உங்களோடதுதான். கால் பிரேக் மேல இருக்கட்டும். அழுத்தாதீங்க."

பாலம் முடியும்வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போன ஸ்கூட்டர்க்காரர் ஒருவர், சம்மணமிட்டுக் காரில் போகும் அம்மாளைப் பார்த்துச் சிரித்தார். மேடம் அவருக்குக் கும்பிடு போட்டார். அன்றைக்குப் பிறகு அவர் எனக்கு ஆசிரியை இல்லை, சிநேகிதி. நீங்கள் என்பது போய் நீ வந்தது. நான் மட்டும் கடைசிவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன்.

சில வருடம் கழித்து அவருக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொஞ்ச காலம் வகுப்பு எடுக்க வேண்டாம், வீட்டில் உட்காருங்கள், மீன் தொட்டி ஏதாவது வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் அடங்கும் என்று டாக்டர் சொன்னாராம். உட்காரச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. மீன் தொட்டி என்றதை மட்டும் பிடித்துக்கொண்டார். அடுத்த பரிசோதனைக்குச் சென்னை போனபோது ஒரு கடையில் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டார். நீல வெளிச்சத்தில் பாறைகள், அவற்றின்மேல் பூப்போல விரிந்த பவள உயிர்கள், இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆரஞ்சு மீன்கள். இதை வீட்டில் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இது கஷ்டம், முதலில் சாதாரண மீன் வளர்த்துப் பழகிவிட்டு வாருங்கள் என்று கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

எனக்குப் போன் வந்தது. "பொம்பளைங்க முதல்ல ஸ்கூட்டி ஓட்டிப் பழகட்டும்னு சொல்லுவாங்க இல்ல, அதே குரல் மலர். வாங்கிட்டேன்."

இரத்த அழுத்தத்தைக் குறைக்க வந்த தொட்டி முதல் மாதத்திலேயே அதைக் கூட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கடல் தொட்டி என்பது மீனை வாங்கி விடுகிற காரியம் இல்லை. உப்புத் தண்ணீரும் பாறையும் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ஒன்றுமே இல்லாமல் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மீன் கழிக்கும் கழிவைத் தின்று தீர்க்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்தப் பாறையில் குடியேற வேண்டும். அதுவரை தினம் ஒரு சிறு குழாயில் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. உட்கார்ந்த இடத்தில் கால்மணி நேரம் இருக்காத மேடம், வெறும் கல்லும் தண்ணீரும் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

பாறையும் கடலிலிருந்து எடுத்ததில்லை. பவளத்தைக் கடலிலிருந்து உடைத்து எடுப்பது குற்றம் என்று படித்துவிட்டு, செயற்கையாகச் செய்த பாறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். தொட்டி பார்க்க வந்த அக்கம்பக்கத்தவர்களுக்கு அது புரியவில்லை. மீன் எங்கே என்று கேட்பார்கள். இன்னும் வரவில்லை என்பார். பிறகு எதற்கு விளக்கு என்பார்கள். எதிர்வீட்டு வயதான மாமி ஒருவர், தண்ணீருக்குள் கல்லையும் மேலே நீல ஒளியையும் பார்த்துவிட்டு, ஏதோ சாளக்கிராமம் என்று நினைத்துக் கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். மேடம் என் கையைக் கிள்ளினார்.

முதல் தவறு தண்ணீரில்தான் நடந்தது. சுத்திகரிப்பு இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீரில்தான் உப்புக் கலக்க வேண்டும் என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். வீட்டில் ரங்கராஜன் சாருக்கு அது அவமானமாக இருந்தது. குழாயைத் திறந்தால் காவிரி வருகிற ஊரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீரைச் சுத்தம் செய்வதா?

"பாற்கடலை விட்டுட்டுப் பெருமாளே இந்தக் காவிரிக்கு வந்து படுத்துண்டார். உன் மீனுக்கு மட்டும் ஆகாதாக்கும்," என்றார்.

"பெருமாள் அசையாம படுத்துண்டிருக்கார். மீன் அசையறதேன்னா," என்றார் மேடம். ஆனாலும் காவிரியைத்தான் ஊற்றினார். வாதத்தில் ஜெயித்துவிட்டு, கணவருக்காக விட்டுக்கொடுத்தார். அவருக்கும் உள்ளூர அந்த நம்பிக்கை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நானும் லால்குடிப் பக்கம் நெல் விளையும் வீட்டில் பிறந்தவள். காவிரித் தண்ணீரில் குறை இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே அதைச் செய்தோம்.

பாறை முதலில் பழுப்பானது. பிறகு பச்சையாகி, தலைமுடி போல நீளநீளமாகப் பாசி வளர்ந்து மோட்டார் அலையில் ஆடியது. நமக்கும் நெல்லுக்கும் நல்லதாக இருக்கும் சத்துகள் அங்கே பாசிக்கு உரமாகிவிட்டன. மேடம் பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துப் பாறை பாறையாகத் தேய்த்தார். ரங்கராஜன் சார் சில நாள் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் காலையில் அவரே ஆளைக் கூட்டிவந்து சுத்திகரிப்பு இயந்திரத்தை மாட்டச் செய்தார். பால்கனியில் இரண்டு நீல டிரம்கள் வந்தன. ஒன்றில் வடிகட்டிய வெறும் தண்ணீர், வற்றும்போது ஊற்ற. இன்னொன்றில் உப்புக் கலந்த தண்ணீர், வாரம் ஒருமுறை மாற்ற. காவிரியைப் பற்றி அவர்களுக்குள் பிறகு பேச்சே எழவில்லை.

மீன்கள் வந்ததும் வேறொரு சிக்கல். உறையவைத்த இறால் துணுக்குகளை அவற்றுக்குக் கொடுத்தால் நல்லது. அதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அந்த வீட்டுக் குளிர்பெட்டியில் வெங்காயமே தனி டப்பாவில்தான் இருக்கும். மேடம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பொட்டலம் எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக் குளிர்பெட்டிக்கு வந்து சேர்ந்தது. வாரத்தில் சில நாள், அலுவலகம் முடிந்ததும், சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே அதை வைத்து எடுத்துக்கொண்டு, நான் தனியாகப் பாலத்தைத் தாண்டிப் போவேன். எனக்கு ஓட்டுவதில் இருந்த மிச்ச பயம் போனது அந்த டப்பாவால்தான். அவர் அதை வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டிருக்கிறேன். "மீனுக்குப் பசிக்குது மலர், நீ வேற," என்று பேச்சை மாற்றிவிட்டார்.

சாருடைய அக்கா பட்டு மாமி அடுத்த தெருவில் இருந்தார். தினமும் வருவார். டப்பாவில் என்ன என்று அவர் கேட்டபோது, மீனுக்கு மாத்திரை என்றார் மேடம். பட்டு மாமி மூக்கை ஒருமுறை சுருக்கினார். மேற்கொண்டு கேட்கவில்லை.

முதலில் வாங்கிய மீன்களில் ஒன்று இறந்தது. அதற்கு முன்தினம் ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தது, அவ்வளவுதான். மேடத்தால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினார். மருந்து ஊற்றினார். பாறைகளை எடுத்து வேறு மாதிரி அடுக்கினார். விளக்கை மாற்றினார். எல்லாம் ஒரே நாளில். மறுநாள் அது மிதந்தது. மல்லிகைத் தொட்டியில் புதைத்துவிட்டு வந்து, கையைக் கழுவாமலே உட்கார்ந்து சொன்னார்.

"வண்டியில எனக்குன்னு ஒரு பிரேக் இருந்தது. நான் கொடுத்த தைரியம் எல்லாம் அதை வெச்சுத்தான். இதுல அப்படி ஒண்ணு இல்லை மலர். இதுல நானும் உன் மாதிரிதான்."

அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் மாறினார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்; செய்துவிட்டுக் காத்திருப்பது. அமைதியானார் என்று சொல்ல மாட்டேன். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எழுந்து ஓட வேண்டும் என்று உடம்பு சொல்லும்போதெல்லாம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாகவும் இருந்தது, மரியாதையாகவும் இருந்தது. இயல்பிலேயே பொறுமையானவர்கள் காத்திருப்பது வேறு. அவர் காத்திருந்தது ஒவ்வொரு நிமிடமும் தன்னோடு மல்லுக்கட்டி.

திருச்சி வெயிலைச் சமாளிக்க இரண்டு சின்ன விசிறிகளைத் தொட்டிமேல் கட்டினார். மோட்டாரை இன்வெர்ட்டரில் இணைத்தார். உச்சி வெயிலில் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மிதக்கவிடுவார். தண்ணீர் வற்றினால் உப்பு வற்றாது, அதனால் வெறும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் குழப்பமாகவே இருந்தது. அவர் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்தார். "கோடு வரைக்கும். அவ்வளவுதான். மேல யோசிக்காதே."

ஒரு மழைக்காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து பை ஒன்று வந்தது. அங்கே தொட்டி வைத்திருக்கும் ஒருவர், தன்னிடம் வளர்ந்த பவள உயிரில் ஒரு துண்டை வெட்டி அனுப்பியிருந்தார். எலும்பில்லாத, மென்மையான வகை. வெளிர் நிறத்தில் ஒரு தண்டு, அதன் உச்சியில் கொத்தாகச் சிறு சிறு கைகள். ஒவ்வொரு கையும் விரல்களை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துக்கொண்டே இருக்கும். ஓய்வே கிடையாது. தண்ணீர் பிடிக்காவிட்டால் மட்டும் சுருங்கி நின்றுவிடும். மேடம் அதற்குப் பாப்பா கை என்று பெயர் வைத்தார். பிறந்த குழந்தை காற்றில் கையை மூடித் திறப்பது போலத்தான் இருந்தது.

அது வந்த நாளிலிருந்து அவர் அதன் முன்னால் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆடும் காலும் அந்தக் கைகளும் ஒரே கதியில் போவதை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

கடைசியாக நான் பார்த்தபோதும் அங்கேதான் இருந்தார். டப்பாவைக் கொடுத்துவிட்டு நான் கிளம்ப, எப்போதும் போல வாசல்வரை வந்தார். "போறேன் மேடம்," என்றேன், அவசரத்தில். அவருக்கு அது பிடிக்காது. வண்டி எடுக்கப் போகிறவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது என்பது அவர் சட்டம். நான் திருத்திச் சொல்லும்வரை கதவுக்கு நடுவில் நின்றார். "போயிட்டு வரேன் மேடம்." விலகி வழிவிட்டார்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளால் அதற்குள் வந்து சேர முடியவில்லை. ரங்கராஜன் சாரே எல்லாம் செய்யும்படி ஆனது. அவரைச் சுமந்துகொண்டு ஆண்கள் கிளம்பிப் போனதும் வீடு பெண்கள் கைக்கு வந்தது. இறப்பு நேர்ந்த வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் இருந்ததைக் கொட்டி, வீட்டைக் கழுவிவிட்டுக் குளிப்பார்கள். அது வழக்கம். அதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நானும் ஒரு வாளியைக் கவிழ்த்தேன்.

பால்கனிப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பியபோது இரண்டு நீல டிரம்களும் சாய்ந்து கிடந்தன. உப்புத் தண்ணீர் கீழ்வீட்டுச் செம்பருத்தியின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அதுவாவது போகட்டும், மறுபடி கலக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் உறவுக்காரப் பெண் ஒருவர் கையில் செம்போடு தொட்டியின் மூடியைத் தூக்கினார்.

"இதுவும் பிடிச்சு வெச்ச ஜலம்தானே?" என்று பட்டு மாமியைக் கேட்டார்.

எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் அன்று எனக்கு எந்த உறவும் இல்லை. வேறு குலம், வேறு பழக்கம், வண்டி கற்றுக்கொள்ள வந்தவள். சொல்ல வேண்டிய இருவரில் ஒருவர் சுடுகாட்டில், இன்னொருவரும் அங்கேதான். விளக்கை யாரோ அணைத்திருந்தார்கள். தொட்டிக்குள் இருட்டில் மீன்கள் ஒரு மூலையில் ஒட்டி நின்றன. பாப்பா கைகள் எல்லாம் மூடியிருந்தன. எத்தனை மாதக் காத்திருப்பு அது என்று எனக்குத் தெரியும். ஒரு செம்பு, ஒரு வாளி, கொஞ்ச நேரம், முடிந்துவிடும்.

உயிர் இருக்கிறது, பாவம் என்று சொல்லியிருக்கலாம். அது கெஞ்சலாக இருந்திருக்கும். எனக்கு வாய்க்கால் ஞாபகம் வந்தது. எங்கள் லால்குடி வீட்டிலும் துக்கத்துக்குத் தண்ணீர் கொட்டுவார்கள். ஆனால் வாசலில் ஓடும் வாய்க்காலை யாரும் இறைத்துக் கொட்டியதில்லை.

"மாமி, இது பிடிச்சு வெச்ச தண்ணி இல்லைங்க. ஓடுற தண்ணி," என்றேன். "நிக்கவே நிக்காது. நின்னா மீன் செத்துடும்."

பட்டு மாமி முழங்காலில் கைவைத்துக் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். மோட்டார் தள்ளிய தண்ணீர் பாறைகளைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. மிதந்த ஒரு துணுக்கு இந்தப் பக்கம் போய், பின்னால் மறைந்து, அந்தப் பக்கம் வந்தது.

"ஓடறதுன்னா, எங்க போறது?"

"எங்கயும் போகலைங்க. சுத்திச் சுத்தி இங்கயேதான் வருது."

மாமி நிமிர்ந்தார். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அவளாட்டமே," என்றார். பிறகு செம்பு வைத்திருந்த பெண்ணிடம், "மூடி வைடி. ஓடற ஜலத்துக்குத் தீட்டு கிடையாது," என்றார்.

அன்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. எனக்காகக் கதவை மறித்து நிற்கவும் யாரும் இல்லை.

அதற்கடுத்த நாட்களைப் பற்றித்தான் எனக்கு எழுத வரவில்லை. தினமும் போகிறேன். விளக்கைப் போடுகிறேன். மீன்கள் வெளியே வந்து சாப்பிடத் தொடங்கிவிட்டன. பாப்பா கைகள் திறக்கவில்லை. ஊதுபத்திப் புகையாலா, கூட்டத்தாலா, இருட்டில் கிடந்ததாலா, தெரியவில்லை. தண்ணீரை மாற்றிவிடலாமா, பாறையைத் திருப்பி வைக்கலாமா, கோயம்புத்தூர்க்காரரைக் கேட்டு மருந்து ஏதாவது விடலாமா என்று கை பரபரக்கிறது. குழாயில் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன். எல்லா நிறமும் சரியாக இருக்கிறது. ஆகவே செய்ய ஒன்றுமில்லை. வற்றியதை ஊற்றுவது தவிர ஒன்றுமில்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பிடித்த அதே கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். என் காலும் ஆடுகிறது.

மகள் வந்துவிட்டாள். அப்பாவால் இதைப் பார்த்துக்கொள்ள முடியாது, வேண்டியவர் யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று நியாயமாகத்தான் என்னிடம் கேட்டாள். ரங்கராஜன் சார் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. விடிந்ததும் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போய், காவிரியில் முழுகி, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ஈர வேட்டியோடு திரும்பி வருகிறார். தொட்டி இருக்கும் மூலையைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார்.

நேற்று நான் போனபோது அவர் தொட்டியின் முன்னால் நின்றிருந்தார். படித்துறையிலிருந்து வந்து உடை மாற்றியிருந்தார். கையில் ஒரு சொம்பு. பால்கனியில் நிமிர்த்தி வைத்த டிரம்மில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்திருந்த வடிகட்டிய தண்ணீர்.

"எவ்வளவு விடணும்?" என்றார்.

"கோடு வரைக்கும் சார்."

குனிந்து கோட்டைத் தேடினார். கண்டுபிடித்ததும் அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மறுகையால் ஊற்றினார். பெருமாள் தீர்த்தம் கொடுப்பவர்களுக்குக்கூட அவ்வளவு மெல்லிய தாரை வராது. கோட்டைத் தொட்டதும் நிறுத்தினார். சொம்பில் மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் தண்ணீருக்குள் பார்த்தோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கை விரல்களை விரித்தது. மடக்கியது. விரித்தது. மற்றவை மூடியபடியே இருந்தன. அது மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தது.

சார் கூடத்தில் உட்கார்ந்திருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்து வந்து, அவர் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். யாருக்காவது கொடுப்பதைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை.

இருட்டத் தொடங்கியதும் கிளம்பினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு சாவியைக் கையில் எடுத்தேன். பழக்கம்தான், வேறென்ன. வாய் சொல்லிவிட்டது.

"போயிட்டு வரேன்."

துக்க வீட்டில் சொல்லக் கூடாததைச் சொன்னேன் என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது. கதவருகே உட்கார்ந்திருந்த பட்டு மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாங்கோ. அந்த டப்பாவை மறக்காம கொண்டுண்டு வாங்கோ. அதுல என்ன இருக்குன்னு நான் கேக்கப் போறதில்லை."

பாலத்தில் வரும்போது முன்னால் ஒரு பஸ் இருந்தது, பின்னால் ஒரு பஸ் இருந்தது. பக்கத்து இருக்கையில் காலி டப்பா.

மேடம், நீங்கள் திரும்பி வருகிற பயணத்துக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கதவுக்கு நடுவில் நின்று நீங்கள் கேட்டு வாங்கிய வார்த்தை அது. உங்களுக்கு விடைகொடுக்க என்னிடம் வேறு வார்த்தை இல்லை. போய் வாருங்கள். இங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கால் பிரேக்கின்மேல்தான் இருக்கிறது. அழுத்தவில்லை.